எரிந்து முடிந்த பக்கம்

காது குத்துவதற்காகத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த அவள் குழந்தை, ஆசாரியின் கையைப் பார்த்து வீறிட்டபோதுதான் ஆர்த்திகாவின் போன் அதிர்ந்தது. வில்லாபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலிருந்த சின்ன மண்டபம். பங்குனி வெயிலில் தகரக் கூரை கொதித்தது. சொந்தக்காரர்கள் பந்தியில் பாதியும் நாற்காலியில் பாதியுமாக இருந்தார்கள். அவள் பட்டுப்புடவை முந்தானைக்குள் போனை மறைத்துப் பார்த்தாள். செயற்கைக்கோள் அனுப்பும் தீ எச்சரிக்கை அது. உசிலம்பட்டிக்கு மேற்கே, அவள் காவல் பார்க்கும் மலையில், ஒரு சிவப்புப் புள்ளி.

ஆர்த்திகா வனக்காப்பாளர். வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது கோடை. இந்தச் செய்திகள் பலமுறை பொய்யாகப் போகும். யாராவது தோட்டத்தில் குப்பையைக் கொளுத்தியிருப்பார்கள். ஆனாலும் அவளால் பார்க்காமல் இருக்க முடியாது. மாசி பிறந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டால்கூட எழுந்து வாசலுக்குப் போய் நிற்பாள்.

"எவனாச்சும் கரும்புச் சோகையைக் கொளுத்தியிருப்பான்டி" என்றான் கணவன் சூரியபிரகாஷ், அவள் முகத்தைப் பார்த்தே. "போன வாரமும் இப்படித்தான ஓடுன? காது குத்தி முடியட்டும்."

"மலை மேல ஏதுங்க கரும்பு?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் முதல் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. பிள்ளைக்கு ஒரு காது குத்தியாகிவிட்டது. மறு காது குத்தும்போது ஆர்த்திகா மண்டபத்தில் இல்லை. வீட்டுக்குப் போய்க் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள். செக்கானூரணி தாண்டியதும் வானத்தின் ஓரத்தில் புகை தெரிந்தது.

மலையடிவாரத்து ஒத்தப்புளிப்பட்டியில் அவள் வண்டியை நிறுத்தியபோது ஊர் ஆட்கள் ஏற்கனவே மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பச்சைக் கிளை. முன்னால் அரிவாளோடு காளை. டிராக்டர் ஓட்டுகிறவன், எதற்கும் முதல் ஆளாக நிற்பவன். அவனுக்குப் பின்னால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சோலையம்மாள்.

சோலையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. மலைச்சரிவில் வெள்ளாடு மேய்ப்பாள். சீசனில் கடுக்காயும் சீயக்காயும் பொறுக்கி விற்பாள். ஆர்த்திகா வந்த புதிதில், மரக்கன்று நட்ட இடத்துக்குள் ஆடு புகுந்துவிட்டதென்று இருவருக்கும் பெரிய சண்டை. அதற்கப்புறம் எப்படியோ பழகிவிட்டார்கள். ரோந்து போகிற வழியில் அவளுடைய தூக்குவாளியிலிருந்து கஞ்சி வாங்கிக் குடிக்கும் அளவுக்கு.

தீ ஆள் உயரப் புல்லைத் தின்றுகொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. கிளையால் அடித்து அணைத்தபடி போனார்கள். அடித்த இடம் அணையும். பத்தடி தள்ளிப் பறந்து விழுந்த பொறி வேறொரு புதரைப் பிடிக்கும். ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கியபோது காற்று திரும்பியது. புகை மொத்தமாக உள்ளே வந்து அடைத்தது. ஆர்த்திகா இருமிக்கொண்டே மேட்டைப் பார்த்து ஏற ஆரம்பித்தாள்.

"மேல ஏறாத! வெரட்டிப் புடிச்சிரும்!" சோலையம்மாளின் குரல் தீக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "எரிஞ்ச பக்கம் வா, தாயி! இங்கிட்டு எரிஞ்சு முடிஞ்சிருச்சு!"

அங்கே போவதென்றால் முழங்கால் உயரத் தீயைத் தாண்ட வேண்டும். ஆர்த்திகாவுக்குக் கால் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். மறுநிமிடம் சோலையம்மாள் தீயைத் தாண்டி வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து, வந்த வழியே இழுத்துக்கொண்டு ஓடினாள். கரிந்த தரையில் இருவரும் விழுந்தார்கள். தீ அவர்களை விட்டு மேட்டில் ஏறிப் போனது. தீயின் இரைச்சல் ஓய்ந்த பிறகுதான் சோலையம்மாள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு உருகி உள்ளங்காலோடு ஒட்டியிருந்தது.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தபோது ஆர்த்திகா தினமும் போய்ப் பார்த்தாள். உட்கார மாட்டாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள். "நீ இப்படி நடந்தா எனக்குத்தான் காலு வலிக்குது" என்று சோலையம்மாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. மழை பெய்து பச்சை கட்டும்வரை காட்டுக்குள் ஆடு மாடு, விறகு, காய் பொறுக்க யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. காலில் கட்டோடு, கம்பை ஊன்றிக்கொண்டு, ஆடுகளை முன்னால் விட்டு சோலையம்மாள் வந்த காலையில், வனத்துறை கேட்டில் நின்றது ஆர்த்திகாதான்.

"கேட்டைத் தொற தாயி. வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்கு."

"உத்தரவுக்கா. இப்ப ஆடு போச்சுன்னா துளிர்க்கிறதையெல்லாம் கடிச்சிரும். அப்புறம் மரமே வராது."

"ஆடு போகக்கூடாது, நாங்க போகக்கூடாது. தீ புடிச்சா மட்டும் போகலாமா?"

உத்தரவு நியாயம் என்றுதான் ஆர்த்திகாவுக்குத் தோன்றியது. சோலையம்மாள் கேட்டதும் நியாயமாகவே தோன்றியது. கேட்டை அவள் திறக்கவில்லை. சோலையம்மாள் ஆடுகளைத் திருப்பினாள். அந்த வாரக் கடைசியில், வைகைப் பாசனத்தில் அறுப்பு முடிந்த வயல்களில் மேய்க்க, சொந்தக்காரர் ஒருவரோடு சோழவந்தான் பக்கம் கிளம்பிப் போய்விட்டாள் என்று தெரிந்தது.

அதற்குள் விசாரணை வந்தது. ரேஞ்சர் கெட்ட மனிதரல்ல. மேலே இருந்து பதில் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"புதுப் புல் முளைக்கணும்னு ஆடு மேய்க்கிறவங்க கொளுத்துறது உண்டுதானம்மா? அந்தச் சோலையம்மாள் முன்னாடியே அங்க நின்னிருக்காங்க. அவங்க மேல சந்தேகம்னு எழுதுங்க."

"தீயைப் பாத்துட்டு அணைக்க வந்தவங்க சார் அவங்க."

"நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

"கொளுத்துனதையும் பாக்கலயே சார். அன்னைக்கு மலைக்கோயில் பாதையில வெளியூர் ஆளுக எம்புட்டோ பேரு போனாங்க. அவங்க பேரையா எழுத முடியும்? யாருன்னு தெரியல. அப்படித்தான் எழுதுவேன்."

அப்படியே எழுதினாள். யார் வைத்த தீ என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ரேஞ்சர் சோலையம்மாளைச் சந்தேகப்பட்டது மட்டும் எப்படியோ ஊருக்குள் போய்விட்டது.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையே கூடியிருந்த நாளில் மலையின் தென்பக்கம் மறுபடி தீப்பிடித்தது. ஆர்த்திகா காளைக்குப் போன் செய்தாள்.

"இன்னைக்கு ஆளு இல்லீங்க மேடம். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாக."

அவன் குரலுக்குப் பின்னால் டீக்கடையில் ஆட்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவள் போனை வைத்தாள். நாலைந்து காவலர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? தீ ஒரு சரிவு முழுவதையும் தின்றுவிட்டு, அடிவாரத்து மாந்தோப்பு வேலிக்கு வந்தது. அப்போதுதான் ஊர் ஓடி வந்தது. காய் தொங்கிய மரங்கள் பாதிக்கு மேல் வாடிப்போயின. தோப்புக்காரர் ஆண்டிச்சாமி, வெந்து விழுந்த காய்களைக் காலால் தள்ளிக்கொண்டே இருந்தார். காளை ஆர்த்திகாவின் கண்ணைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனான்.

வைகாசியில் ஒரு விடுமுறை நாளில் அவள் சோழவந்தானுக்குப் போனாள். பிள்ளையோடு இருக்க வேண்டிய நாள் என்று சூரியபிரகாஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வாய்க்கால் கரையில், அறுத்த நெல்லின் தாள் மட்டும் நின்ற வயலில் சோலையம்மாள் இருந்தாள். ஆடுகள் குறைந்திருந்தன.

"ரெண்டு ஆடு மருந்தடிச்ச தண்ணியக் குடிச்சுச் செத்துப்போச்சு. மூணை வித்துட்டேன்" என்றாள் நலம் விசாரிக்கும் முன்பே. "பாறையில ஏறுன ஆடு. வரப்புல மேயத் தெரியல."

"ஒங்க பேரை நான் எழுதலக்கா."

"காளை சொன்னான். அதுக்கு நான் ஒன்னையக் கும்புடணுமா?"

"இல்லக்கா. பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

சோலையம்மாள் காலை நீட்டிக் காட்டினாள். உள்ளங்காலில் புதுத்தோல் இறுகிப் பளபளத்தது. "வெயில்ல நின்னா சுர்ருங்குது. ஒன்னைய இழுத்ததுக்கு நான் வருத்தப்படல, கேட்டியா? நீ கேட்டைத் தொறக்காம நின்னதுதான் ஆறல."

"அடுத்த கோடைக்குத் தீக்காவலுக்கு ஊர் ஆளையே சேக்கச் சொல்லி எழுதியிருக்கேன். வருவீங்களா?"

"மலைக்கு வருவேன். தீக்கு வர மாட்டேன்." அதைச் சொல்லிவிட்டு எழுந்து, வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் ஒதுங்கிய ஆட்டை விரட்டப் போனாள்.

ஐப்பசியில் நல்ல மழை. ஊரும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி, அடிவாரச் சரிவில் ஒரு பகுதியை மட்டும் மேய்ச்சலுக்கு விட்டார்கள். அதற்காக ஆர்த்திகா ரேஞ்சர் அலுவலகத்துக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. சோலையம்மாள் மிச்சமிருந்த ஆடுகளோடு திரும்பினாள். தை மாதம் தீத்தடுப்புக் கோடு வெட்டக் காளையும் சிலரும் கூலிக்கு வந்தார்கள். சோலையம்மாள் சொன்னபடியே வரவில்லை. மதுரைக்குப் பக்கத்திலுள்ள நாற்றுப் பண்ணைக்கு மாற்றல் கேட்கச் சொல்லி சூரியபிரகாஷ் நச்சரித்தான். "இந்தக் கோடை போகட்டும்" என்றாள். போன கோடையிலும் அவள் அதைத்தான் சொன்னதாக அவன் நினைவுபடுத்தினான்.

மறுபடி பங்குனி. மத்தியான வெயிலில் ஆர்த்திகா காவல் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் எரிந்த சரிவில் புல் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்து, அதற்குள் காய்ந்தும் போயிருந்தது. கீழே புளியமரங்களுக்குப் பக்கத்தில் வெளுப்பாக ஏதோ எழும்பியது. அவள் துள்ளி எழுந்தாள். சோலையம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த புழுதிதான் அது. ஆர்த்திகா கையைத் தூக்கிக் காட்டினாள். கீழே இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கம்பை ஒருமுறை உயர்த்திவிட்டு நடந்தாள்.

ஆர்த்திகா உட்கார்ந்தாள். காற்று வீசியது. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. அவள் மறுபடி எழுந்து நின்றுகொண்டாள்.