அந்தத் தீவில் எப்போது பொழுது சாயும்?

அட்லஸில் அந்தத் தீவைக் கண்டுபிடித்த நிமிஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்த வருஷம், இரண்டாயிரத்து இரண்டு, ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தட்டில் சோறு இருக்க, இடது கையால் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தீவு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படியென்றால் வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்குத்தான் பொழுது சாயும். நம் ஊர் மாதிரியே! கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்துவிட்டு, "அம்மா, பதில் வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

அதைப் பதில் என்று நினைத்ததுதான் என் தப்பு. அந்தத் தப்பில் நான் மட்டும் விழவில்லை. இன்னொருத்தியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தேன். ஜைன உறவுகளே, அதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன்.

என் பெயர் சுமதி. பிளஸ் டூவில் நல்ல மார்க்தான், ஆனால் இங்கே மருத்துவம் கிடைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு மாதம் அழுதேன். அப்புறம் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு எழுத ஆரம்பித்தேன். இரண்டு இடத்திலிருந்து கடிதம் வந்தது. பெயர்கள் வேண்டாம். ஒன்றைப் பனிக் கல்லூரி என்றும் மற்றதைத் தீவுக் கல்லூரி என்றும் சொல்கிறேன்.

பனிக் கல்லூரியின் கடிதம் ஒரு சாதாரணத் தாள். அவர்கள் மொழியை முதல் வருஷம் படிக்க வேண்டும், தேறினால்தான் மருத்துவம், குளிர் பூஜ்யத்துக்கு வெகுகீழே போகும், தாங்குமா என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று ஒரே நிபந்தனையாக இருந்தது. தீவுக் கல்லூரியின் கடிதம் சென்னையில் இருந்த ஒரு ஏஜென்ட் மூலம் வந்தது. அட்டை மாதிரி கெட்டியான தாள். தங்க நிறத்தில் முத்திரை. கூடவே ஒரு புத்தகம், அதில் கல்லூரியின் படம். கட்டடத்துக்குப் பின்னால் மலை உச்சியில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. மேகம் என்று நினைத்துக்கொண்டோம்.

எது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கோயிலுக்குப் போனேன். நம் பகவான் விருப்பு வெறுப்பைக் கடந்தவர், வரம் கொடுப்பவர் இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால் அவரை வணங்கிவிட்டு, தர்மதேவி அம்மனிடம் போய் நின்றேன். "தாயே, எனக்கு எது என்று காட்டு. இருபத்தொரு நாள் உப்பு சேர்க்காமல் சாப்பிடுகிறேன். தினமும் வந்து நூற்றெட்டு தடவை பஞ்ச மந்திரம் சொல்கிறேன்" என்று நியமம் எடுத்துக்கொண்டேன். நான்காவது நாள்தான் அந்த அட்லஸ்.

பனிக் கல்லூரி இருக்கும் ஊரில் மார்கழியில் மூன்றரை மணிக்கே பொழுது போய்விடும். வகுப்போ ஐந்து மணி வரைக்கும். ஆனியில் ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம். அங்கே போய் நம் நியமத்தை எப்படிக் காப்பது? தீவில் அந்தக் கஷ்டமே இல்லை. அம்மனே வழி காட்டிவிட்டாள் என்று குதித்தேன். மாதவாரியாகப் பொழுது சாயும் நேரத்தை எழுத ஒரு நோட்டு போட்டேன். தீவு நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அதனால் அங்கத்து நேரத்துக்கு ஒரு கட்டம், இந்திய நேரத்துக்கு ஒரு கட்டம்.

அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"ஏம்மா, நீ காலேஜ் பாக்கிறியா, பொழுது பாக்கிறியா?"

"ரெண்டும்தான்பா. அம்மன் காட்டிட்டாங்க."

"அம்மன் காட்டினாங்களா, நீ காட்டச் சொன்னியா?"

எனக்குக் கோபம் வந்தது. நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாளே தாமலுக்கு சைக்கிளில் ஓடினேன். என்னோடு டியூஷன் படித்த கலைச்செல்வி அங்கே இருந்தாள். அவளுக்கும் என் கதிதான், அதே மார்க், அதே அழுகை. ஏரிக்கரை மேல் நின்று அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். அவள் ஜைனப் பெண் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு நிம்மதியாகச் சாப்பிடுகிறவள். ஆனாலும் நான் பேசிய வேகத்தில் மயங்கிவிட்டாள். "நீ சொன்னா சரியாத்தான்டி இருக்கும்" என்றாள். இரண்டே வாரத்தில் அவள் அப்பா அவளை அழைத்துப் போய், ஒரிஜினல் மார்க் ஷீட், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விமானம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் முறை செவ்வாய்க்கிழமை. அன்றுதான் என் நியமத்தின் இருபத்தோராவது நாள். நானாகத்தான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன்.

அதற்குள் மனசு ஏனோ கனக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை அந்த அலுவலகத்துக்கு போன் செய்தாலும் வேறு பெண் எடுத்தாள். முன்பு பேசியவள் எங்கே என்றால் "லீவு" என்றார்கள். கடிதத்தில் என் பிறந்த தேதி தப்பாக இருந்தது. "டைப்பிங் மிஸ்டேக்மா" என்றார் ஏஜென்ட். கோயிலில் மந்திரம் சொல்லும்போது அறுபது எழுபதிலேயே எண்ணிக்கை தவறிப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து சொன்னேன். மறுபடி தவறியது. அம்மாவிடம் சொல்லவில்லை. நானே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, இப்போது பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை. ஏஜென்டுக்கு போன் செய்து, "சாப்பாட்டைப் பத்தி அங்க படிக்கிறவங்க யார்கிட்டயாச்சும் பேசணும் சார்" என்றேன். போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ என்னவோ கேட்டார். அப்புறம், "பூத் நம்பர் குடும்மா, அஞ்சரைக்கு நம்ம சீனியர் பையன் அங்கேர்ந்தே பேசுவான்" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு டெலிபோன் பூத். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். சொன்னபடி ஐந்தரைக்கு மணி அடித்தது. நல்ல தமிழில் ஒரு குரல். ஹாஸ்டலிலிருந்து பேசுவதாகச் சொன்னது. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"அண்ணா, அங்க பொழுது எப்பண்ணா சாயும்?"

"என்னாது?"

"சூரியன் எப்ப மறையும்? நாங்க இருட்டினா சாப்பிட மாட்டோம்."

அவர் சிரித்தார். "இதக் கேக்கற மொத ஆளு நீதாம்மா. இதோ, ஜன்னல்ல பாத்துக்கினேதான் பேசறேன். வெளிச்சம் மங்கிக்கினே வருது. ஆறேகாலுக்கெல்லாம் போயிடும். மெஸ்ல சொல்லி ஒனக்கு முன்னாடியே போடச் சொல்றேன், போதுமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு நல்ல அண்ணன்! அவருக்குப் பின்னால் நீளமாக ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அந்த ஊரிலும் இதே ஹாரன்தானா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

அப்பாவின் டிவிஎஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. அம்மா தட்டு வைத்தாள். ஒரு வாய் சாப்பிடுவது, ஒரு வரி எழுதுவது என்று நோட்டை விரித்துக்கொண்டேன். தீவுக் கட்டத்தில் "மாலை 6.15, நேரில் பார்த்துச் சொன்னது" என்று எழுதினேன். அடுத்தது இந்திய நேரம். ஒன்பதரை மணி நேரம் கூட்டினேன். விடியற்காலை மூன்றே முக்கால்.

கை நின்றுவிட்டது.

நான் பேசியது சாயங்காலம் ஐந்தரைக்கு. அப்போது அங்கே காலை எட்டு மணி. காலை எட்டு மணிக்கு எந்த ஜன்னலில் வெளிச்சம் மங்கும்?

மறுபடி கணக்குப் போட்டேன். பின்பக்கத்தில் இன்னொரு தடவை போட்டேன். அந்த அண்ணன் பார்த்தது இதே சூரியனை. எங்கள் வீட்டு வாசலில் மறைந்துகொண்டிருந்த இதே சூரியனை. அவர் சென்னையில்தான் எங்கேயோ ஒரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மலை உச்சியில் இருந்தது மேகம் இல்லை, பனி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், கடல் நடுவில் இருக்கிற ஒரு குட்டித் தீவில் பனி!

"அப்பா" என்றேன். நோட்டை நீட்டினேன். அவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். சிரிக்கவில்லை.

"அந்தத் தாமல் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து வீட்டு போனிலிருந்து கலைச்செல்வியின் தெருவுக்குக் கூப்பிட்டோம். அவள் வந்து எடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். கடைசியில், "நீ சொன்னன்னுதானடி குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். அன்று எண்ணிக்கை தவறவில்லை. "எனக்கு எது என்று காட்டு" என்று கேட்கவும் தோன்றவில்லை. "அவளுடைய பேப்பர் திரும்பி வரட்டும் தாயே" என்று மட்டும் கேட்டேன். நேராக சென்னை பஸ். நான், அப்பா, கலைச்செல்வி. வழியெல்லாம் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அலுவலகத்தின் வெளி வராந்தாவில் நாலைந்து பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஏஜென்ட் சிரித்துக்கொண்டே, "வாம்மா, கையெழுத்துப் போட வந்துட்டியா?" என்றார். பொய் சொல்லிப் பேப்பரை வாங்கிவிடலாம் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அம்மனிடம் கேட்டுவிட்டுப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"சார், இப்ப தீவுல மணி என்ன?"

"அது இருக்கும்மா, ஒரு ரெண்டு மூணு மணி நேரம் முன்னப் பின்ன..."

"நேத்து காலைல எட்டு மணிக்கு அங்க பொழுது சாஞ்சுதாம் சார். சீனியர் அண்ணன் ஜன்னல்ல பாத்தாராம்."

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. கண் மட்டும் வராந்தாப் பக்கம் போய் வந்தது. அப்பா எழுந்து கதவைத் திறந்து, நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். சத்தம் உயர்த்தவே இல்லை.

"இந்தப் பொண்ணோட பேப்பரக் குடுத்துடுங்க சார். பொழுதோட ஊருக்குப் போவணும். இல்லன்னா என் பொண்ணு அந்தக் கணக்க இவங்களுக்கும் போட்டுக் காட்டும்."

ஏஜென்ட் இரும்பு டிராயரை இழுத்தார். உள்ளே ரப்பர் பாண்டு போட்டு ஒரு கட்டு பாஸ்போர்ட், பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு. கலைச்செல்வியுடையதைத் தேடி உருவும்போது இரண்டு சீட்டைப் படித்துவிட்டேன். தேன்மொழி, செய்யாறு. அஸ்லம், ஆரணி. அதற்குள் அவளுடைய பாஸ்போர்ட்டையும் மார்க் ஷீட்டையும் மேஜை மேல் போட்டுவிட்டு டிராயரை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் வராந்தாவில் இருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து உள்ளே ஓடினார்கள். ஒருத்தர், "நீ யாரும்மா, போட்டி ஏஜென்ட் அனுப்பின ஆளா?" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் அப்பா எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது பூட்டு தொங்கியது. போர்டு கழற்றிய இடத்தில் நான்கு ஆணி ஓட்டை.

கலைச்செல்வி மறுபடி எழுதுகிறாள், இந்தத் தடவை நேராகக் கல்லூரிகளுக்கே. போன வாரம் வந்து என் கூடச் சாப்பிட்டாள், பொழுது சாய்வதற்குள். "ஒன்னால எனக்கு இந்தப் பழக்கம் வேறயா?" என்று திட்டினாள். அவள் திட்டியதே எனக்குப் போதும்.

எனக்குப் பனிக் கல்லூரிதான். ஒன்பது நாளில் விமானம். மார்கழியில் மதியம் ஒருவேளைதான் சாப்பிடுவேன். "ஆனியில பதினோரு மணி வரைக்கும் சேர்த்து வச்சுத் தின்னுடும்மா" என்கிறார் அப்பா. நியமத்துக்குச் சுலபமான ஊர் எது என்று தேடினேன். அம்மன் அந்த நியமத்தையே என் கையில் விளக்காகக் கொடுத்து, நான் கால் வைக்க இருந்த பள்ளத்தைக் காட்டினாள். என்னை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. என்னை நம்பிய ஒருத்தி பட்டது போதும். நீங்கள் காத்துவரும் சின்ன நியமத்தை நம்புங்கள், அதை விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கையிலும் தங்க முத்திரை போட்ட கடிதம் இருந்தால், அங்கே எப்போது பொழுது சாயும் என்று கேளுங்கள்.

ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்த டிராயர்தான் வருகிறது. மற்றவர்கள் எங்கே? யாராவது அந்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார்களா? ஏறியிருந்தால் எங்கே போய் இறங்கினார்கள்? எனக்குத் தெரிந்தது இரண்டு பெயர்தான். செய்யாறு, ஆரணிப் பக்கம் நம் குடும்பங்கள் நிறைய. உங்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்தால் இதைப் படித்த கையோடு போய்ச் சொல்லுங்கள். நானும் சும்மா இருக்கப் போவதில்லை. நாளைக் காலை பஸ் நிலையத் தபால் பெட்டியில் நம் பத்திரிகைக்கு இதைப் போட்டுவிட்டு, செய்யாறு வழியாகப் போகும் ஆரணி பஸ்ஸில் ஏறுகிறேன். கலைச்செல்வியும் வருகிறாள். முதலில் தேன்மொழி.