தெம்பில்லாத உடம்பு

கரோலினின் வலது கை ஆள்காட்டி விரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் டில்லிபாபு கேட்டான்:

"எல்லாரும் அதே தண்ணிலதானே கை வெச்சிகினு கீறாங்கோ? அதுக்கு மட்டும் இன்னாத்துக்கு வெரலு அழுவிச்சு? தெம்பில்லாத ஒடம்புமே அது."

டில்லிபாபு திருவொற்றியூரில் இறால் உரிக்கும் கொட்டகையின் முதலாளி. அவன் பேசியது கரோலினின் அக்கா ஐரீனிடம். அவள் அந்தச் சொல்லைப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

ஐரீன் ராயபுரத்தில் பிறந்தவள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பாவுக்கு முதுகு போனபோது பள்ளியை விட்டாள். பிறகு தங்கையையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். குளத்தில் வளர்த்த இறால் ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்கும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை இழுத்துத் தட்டில் போட வேண்டும். கையுறை போட்டால் வேகம் குறையும் என்று டில்லிபாபு கொடுப்பதில்லை.

இது எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் என்று புரிய, உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் கொஞ்சம் தெரிந்தால் போதும். தோல்தான் முதல் மதில். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்க ஊறிய தோல் வெளுத்துப் பிளக்கும். இறால் தலையிலிருக்கும் முள் அந்தப் பிளவில் ஏறும். கிருமிக்கு வாசல் திறந்தாயிற்று. அதன் பிறகும் உடம்பு சும்மா இருப்பதில்லை. தோலுக்கடியில் காவல் நிற்கும் அணுக்கள் ரசாயனத்தால் கூக்குரலிடும். ரத்தக் குழாய்கள் விரியும்; விரல் சிவந்து சூடேறி வீங்குவது அதனால்தான். வெள்ளையணுக்கள் குழாயின் சுவரில் புகுந்து வெளியே வந்து கிருமியை விழுங்கும், விழுங்கிச் சாகும். நாம் முகம் சுளிக்கும் சீழில் கிடப்பவை பெரும்பாலும் அவற்றின் பிணங்கள். அவை தாக்குப்பிடிக்கும் நாட்களில் இன்னொரு படை, அந்த ஒரு கிருமிக்கென்றே அளவெடுத்து ஆயுதம் செய்யும். சண்டை முடிந்த பின்னும் சில அணுக்கள் எதிரியின் அடையாளத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும். உடம்புக்கு மன்னிக்கத் தெரியாது.

மதிலைத் தினமும் இடித்தவன், தோற்றுப்போன படையைப் பார்த்துத் தெம்பில்லை என்றான்.

கொட்டகைக் கதவோரம் ஒரு பிஸ்கெட் டப்பாவில் அவன் கிருமி கொல்லும் கேப்சூல் வைத்திருந்தான். விரல் வீங்கியவளுக்கு ஒன்று கொடுப்பான், ஒன்றே ஒன்று. அரைகுறை மருந்தில் நோஞ்சான் கிருமிகள் சாகும், தாங்கியவை பெருகும். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று பெண்கள் அதை விழுங்குவதுமில்லை. உடைத்துப் பொடியைப் புண்ணில் தூவி, ஊதிவிட்டு, திரும்ப இறாலில் கை வைப்பார்கள். கரோலினும் அப்படித்தான் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஐரீனிடம், "உங்க தங்கச்சி உடம்பு நல்லாத்தாம்மா சண்டை போட்டிருக்கு. நீங்க குடுத்த மருந்துதான் அந்தக் கிருமிகிட்ட எடுபடலை" என்றார்.

"நான் குடுக்கல டாக்டர். குடுத்தவன் கீறான்."

கரோலின் கட்டுப் பிரித்து வீட்டிலிருந்த சமயம், கொட்டகையின் சரக்கை ஏற்றுமதிக் கம்பெனி திருப்பி அனுப்பியது. உணவில் துளியும் இருக்கக் கூடாத மருந்து இறாலில் இருந்ததாம். விசாரிக்க மறுநாள் ஆள் வருகிறார் என்றதும் டில்லிபாபு எல்லோரையும் கூட்டினான்.

"கொளத்துக்காரன்தான் மருந்து போட்டான்னு சொல்லணும். டப்பா மேட்டர எவளும் பேசக் கூடாது." பிறகு ஐரீனைப் பார்த்தான். பேசினால் அவள்தான் பேசுவாள் என்று அவனுக்குத் தெரியும். "இன்னாமே, கம்முனு கீற?"

"யோசிச்சிகினு கீறேன்ணா."

"இன்னாத்த யோசிக்கிற? கொட்டாய மூட்டா உன் வூட்லயும்தான் அடுப்பு எரியாது."

"உனுக்குத்தான் தெம்பான ஒடம்பாச்சே. வெறுங்கையில ஒரு தட்டு உரிச்சிக் காட்டு. சொல்றதா வாணாமான்னு அப்பால பாக்கலாம்."

பக்கத்தில் நின்ற யசோதரா சிரித்தாள். "அண்ணனுக்கு நல்ல முள்ளா பாத்துக் கொட்டுங்கடி."

அவன் உட்கார்ந்தான். வேறு வழியில்லை. பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். தட்டு பாதி நிறைவதற்குள் கட்டைவிரலில் முள் ஏறியது. கையை உதறி வாயில் வைத்தான். ஐரீன் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"தூவிக்கோண்ணா. நீ எங்களுக்குக் குடுப்பியே, அதான்."

அவன் தொடவில்லை. மறுநாள் வீங்கிய கட்டைவிரலில் வெள்ளைக் கட்டோடு வந்தான். முந்தின நாளே அந்தி சாய்வதற்குள் டாக்டரிடம் ஓடி ஊசி போட்டுக்கொண்டு, எல்லா வேளைக்குமான மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். சட்டைப் பையில் அந்த அட்டை துருத்திக்கொண்டிருந்ததை ஐரீன் பார்த்தாள்.

கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்த மொஹ்சின் கேட்பதற்கு முன்பே அவள் டப்பாவைக் கொண்டுவந்து, ஒரு கேப்சூலை உடைத்து, உரித்த இறாலின் மேல் கொட்டினாள்.

"கொளத்துல இல்ல சார். இது எங்க புண்ணுல தூவிகினது. அவரு குடுத்தாரு."

டில்லிபாபு குறுக்கே வந்தான். "நீ கேட்டாப்ல உரிச்சிக் காட்னேனேமே."

"தெம்பு பாக்கத்தான் உரிக்கச் சொன்னேன். பாத்தாச்சு. வீங்கிக்கீதே."

கொட்டகை மூடப்பட்டது. பிழைப்பு போன பெண்களில் சிலர் ஐரீனின் வாசலில் நின்று திட்டினார்கள். யசோதராகூட முகம் கொடுக்கவில்லை. ஐரீன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், செய்ததற்கு வருந்தவில்லை. காசிமேட்டில் மீன் வெட்டிக் காலம் தள்ளினாள்.

சில மாதம் கழித்துக் கொட்டகை மறுபடி திறந்தபோது கம்பெனி நிபந்தனை போட்டிருந்தது. டப்பா கூடாது. புண் இருந்தால் கூலியோடு ஆஸ்பத்திரிக்கு விட வேண்டும். தினமும் ஒவ்வொருத்தி கையையும் முதலாளியே பார்த்துக் கையுறை கொடுக்க வேண்டும். திருப்பிப் பேசினால் சரக்கு வாங்க அவனுக்கு வேறு கம்பெனி இல்லை. ஐரீனும் கரோலினும் வேலைக்குத் திரும்பினார்கள்.

அவன் கட்டைவிரல் தழும்புகூட இல்லாமல் ஆறிவிட்டது. ஐரீன் அதையும் கவனித்தாள்.

காலையில் வரிசை நகரும். கரோலினின் முறை வரும்போது ஐரீன் கூடவே நிற்பாள். கையுறை மாட்டினால் ஆள்காட்டி விரலின் இடம் காலியாகத் தொங்கும். அப்படியே விட்டால் இறால் முள்ளில் மாட்டிக் கிழியும். முடிச்சு போட்டாக வேண்டும்.

"கையப் புடிச்சிக்கோண்ணா."

அவன் பிடித்துக்கொள்வான். ஐரீன் நிதானமாக முடிச்சு போடுவாள். பிடிக்கவில்லை என்று அவிழ்ப்பாள். திரும்பப் போடுவாள்.

"சீக்கிரம்மே. பின்னால நிக்கிறாங்க."

"நிக்கட்டும்ணா. நீ நல்லா பாத்துகினு இரு."