குழாய்க்குள் புங்கன் இலை

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தென்னந்தோப்பு அது. சொட்டுநீர்க் குழாய்க்குள் ஏதோ பூச்சி புங்கன் இலையைத் திணிக்கிறது என்று அதன் சொந்தக்காரம்மா போன் செய்திருந்தார். பூச்சி என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உடனே கிளம்பிப் போனேன்.

குழாய் வாயில் வந்து இறங்கிய ஒன்றைச் சின்னப் பாட்டிலில் பிடித்து லென்ஸை வைத்தேன். நாம் வளர்க்கும் தேனீ மகரந்தத்தைக் காலில் சுமக்கும். இதற்கு வயிற்றின் அடியில் அடர்ந்த மயிர். மகரந்தம் முழுக்க அங்கேதான் ஒட்டியிருந்தது. தாடையோ கத்தரி மாதிரி அகலம்.

"இலைவெட்டித் தேனீங்க! தாடைப் பல்லை எண்ணினா எந்த வகைன்னும் கண்டுபிடிச்சிரலாம்" என்று குதித்தேன்.

அந்தம்மா பாட்டிலைப் பார்க்கவே இல்லை. "ஏனுங்க, தண்ணி ஓடற குழாய்ல இது கூடு கட்டுமுங்களா?"

"கட்டாதுங்க. காஞ்ச ஓட்டைதான் வேணும்" என்றேன், பரீட்சையில் பதில் தெரிந்தவனைப் போல.

அவர் தோப்பின் பக்கம் திரும்பினார். வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் நிமிர்ந்தேன். வரிசை வரிசையாக, மட்டையெல்லாம் காய்ந்து விழுந்து கொண்டை இல்லாத தென்னை மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழாய்.

"போர்ல தண்ணி வத்தி ரெண்டு வருசமாச்சுங்க" என்றார். "இனித் தோட்டம் பூராவும் அந்தப் பூச்சிகளுக்குத்தானுங்க."