நிலைக்கு யார் உட்கார்ந்தது?

என் வீட்டைக் கட்டி முடிக்க எவ்வளவு ஆனது என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவேன். கொத்தனார் சொன்னது எட்டு லட்சம், மூன்று மாதம். ஆனது பதினொன்றரை லட்சம், கிட்டத்தட்ட ஒரு வருஷம். கேட்டவர்கள் உடனே உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அந்த உச்சு பிடிக்காது. பணம் என்னுடையது, போன வருஷமும் என்னுடையது. உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

வீடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காரைக்குடியில் அண்ணன் வீட்டுக் கொல்லையில், பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி, குளியலறை. வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியது. எங்கள் வீட்டு வாசல் ஒரு தெருவில் இருக்கிறது, கொல்லை போய் முடிவது அடுத்த தெருவில். குடி வருகிறவர்கள் எங்கள் நடையை மிதிக்காமல் பின் தெரு வழியாகவே வந்து போகலாம். அப்பா சாவதற்கு முன் வீட்டை அண்ணன் பேருக்கும் கொல்லையை என் பேருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் தையல்காரி. சிங்கம்புணரியில் கட்டிக்கொடுத்தார்கள். நான்கு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, போதும் என்று பெட்டியோடு திரும்பி வந்தேன். அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார், நான் தையல் மெஷின் வாங்கிக்கொண்டேன். யாருக்கு லாபம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்குத்தான் என்னை எந்த வரிசையில் சேர்ப்பது என்று விளங்கவில்லை. கழுத்தில் தாலி கிடையாது, புருஷன் உயிரோடு இருக்கிறார். விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு என் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நகரும்.

அண்ணன் தங்கமான மனுஷன். அதுதான் சிக்கலே. பஸ் டெப்போவில் மெக்கானிக். இருபது வருஷமாக அவர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன், ஒருநாள் முகம் சுளித்ததில்லை. ஆனால் யார் வந்தாலும், "தங்கச்சி நம்ம நெழல்லதான் இருக்கு" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். என் சாப்பாட்டுக்கு நான் கொடுக்கிறேன், கரண்டு பில்லில் பாதி என்னுடையது. அதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வரும். எனக்கு வாடகைப் பணம் வேண்டும்தான். அதைவிட, இது அவளுடையது என்று நாலு பேர் வாயால் சொல்லும் ஒரு இடம் வேண்டும் என்பதுதான் ஆசை.

கொத்தனார் வந்து இடத்தை அளந்தார். நானூறு சதுர அடி, அதாவது நாலு சதுரம், சதுரத்துக்கு இவ்வளவு என்று வாயாலேயே கணக்குப் போட்டார். வைகாசியில் தோண்டினால் ஆவணிக்குள் சாவி கையில் என்றார். நானும் நம்பினேன். அவர் மனசில் இருந்த வீட்டில் யாரும் கக்கூஸ் போக மாட்டார்கள் போலிருக்கிறது, செப்டிக் டேங்க் கணக்கிலேயே இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை, மோட்டார் இல்லை, கரண்டு இணைப்பு இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, "அது தனிக்கா" என்பார். ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவளிடம் கை தனி, கொக்கி தனி என்று நான் சொன்னால் சும்மா விடுவாளா? சொன்னேன். சிரித்தார். காசு மட்டும் குறையவில்லை.

காலம் போன விதம் வேறு. அஸ்திவாரம் எழும்பி முடியவும் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் கிடையாது என்று நின்றது. அப்புறம் எம்சாண்ட் மணல் வரத்து நின்றது. ஐப்பசியில் மழை. தளத்துக்குப் பலகை அடித்து முட்டுக்கொடுத்திருந்த சமயத்தில் மார்கழி. தை மாசம் கொத்தனார் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடந்தார். அவர் வந்ததும் கம்பி கட்டுகிறவர் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி, தொடையில் தையலோடு படுத்தார். பங்குனியில் சித்தாள்கள் பால்குடம் எடுத்தார்கள். சாமியையும் மாட்டையும் நான் என்ன கேட்க முடியும்? மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்த ரவிக்கையெல்லாம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதையில்லை. நிலை வைத்த கதையைத்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டும்போது தலைவாசல் நிலை நிறுத்துவது பெரிய விசேஷம். அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்புவதற்கு முன்னால், மரநிலையைக் கழுவி மஞ்சள் பூசி, அடியில் நவதானியமும் காசும் போட்டு, வீட்டுக்காரரும் அவர் சம்சாரமுமாகப் பூஜைக்கு உட்கார்ந்து, கை பிடித்து நிறுத்த வேண்டும். யார் உட்கார்ந்தார்களோ அவர்கள் வீடு அது. பத்திரம் என்ன சொன்னாலும் ஊர் இதைத்தான் சொல்லும்.

ஒக்கூரில் என் அத்தை, புருஷன் போன பிறகு தன் நகையை விற்று ஒரு வீடு கட்டினாள். நிலைக்குக் கொழுந்தனும் அவர் பெண்டாட்டியும் உட்கார்ந்தார்கள். பட்டா அத்தை பேரில்தான் இருந்தது. ஆனாலும் அவள் சாகும்வரை, கொழுந்தன் வீட்டில் இருக்கிறவள் என்றுதான் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கொழுந்தனும் மறுத்துப் பேசியதில்லை. நாளாக நாளாக அவருக்கே அப்படித்தான் நினைப்பு வந்துவிட்டது.

ஆவணி பிறந்ததும் அண்ணன் நாள் குறித்துக்கொண்டு வந்தார்.

"ஆத்தா, வர்ற வெள்ளிக்கெழமை நல்ல நாளு. நானும் ஒன் மதனியும் உக்காந்துக்கிறோம். நீ பக்கத்துல நில்லு."

"பக்கத்துல நிக்கவாண்ணே நான் நகையை அடகு வச்சேன்?"

"கிறுக்கு மாதிரிப் பேசாத. ஒத்தப் பொம்பள ஒக்காந்து நெலை வைக்கிறது எங்குட்டாச்சும் உண்டா?"

"இங்குட்டு இருந்துட்டுப் போகட்டும்."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. ஊர் என்ன பேசும், சொந்தம் என்ன பேசும் என்று ஆரம்பித்தார். ஊர் எனக்கு ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கிக் கொடுத்ததா என்று கேட்டேன். மதனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் அண்ணன், "அப்ப நீயே வச்சுக்க. அந்த நெலையைத் தாண்டி நான் உள்ள வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அத்தை ஞாபகமும் கூடவே வந்ததால் நான் இறங்கிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையத்தான் பேசுவாக" என்றார். ஏதாவது ஆனால் என் மேல் பழியைப் போடுங்கள் என்றேன். மஞ்சள் குங்குமம் வைக்கக் கூப்பிட்டிருந்த பெண்கள் ஒருவரும் வரவில்லை. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு விருந்தாளி. கலவை சுமக்க வந்திருந்த இரண்டு சித்தாள் பெண்களைக் கூப்பிட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். நிலைக்கு வைத்து முடித்ததும் மூத்தவள், "அக்காவுக்கும் வைக்கவா?" என்றாள். நல்லாப் பெரிசா வை என்றேன்.

நான் சாமி இல்லை என்கிற கட்சி இல்லை. பிள்ளையாரைக் கும்பிட்டேன், அப்பாவை நினைத்துக்கொண்டேன், தேங்காய் உடைத்தேன். பலகையில் நான் மட்டும் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த இடம் காலியாக இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு எழுந்து நிலையை இரண்டு கையாலும் பிடித்தேன். வேப்ப மரம், நல்ல கனம். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். தலையை நிமிர்த்தியபோது கிணற்றடியில் அண்ணன் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாளியில் தண்ணீர் இல்லை.

அன்றிலிருந்து என்ன நடந்தாலும் அந்த நிலைதான் காரணம் என்றானது. லாரி பின் தெரு முனையில் மாட்டிக்கொண்டதா, ஒத்தையாக வைத்த ராசி. மழையில் சிமெண்ட் மூட்டை கட்டிபட்டுப் போனதா, அன்றைக்கே சொன்னோமே. பக்கத்து வீட்டில் தம்பதியாக உட்கார்ந்து நிலை வைத்தவர்களின் மாடியிலும் அதே மழைதான் ஒழுகியது. அதை யாரும் எந்த ராசியிலும் சேர்க்கவில்லை.

சித்திரைக் கடைசியில் பால் காய்ச்சினேன். மதனி வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். அண்ணன் வரவில்லை.

இனி குடி வர வேண்டியதுதான் பாக்கி. முதலில் வந்த குடும்பத்துக்கு வீடு பிடித்தது, குழாயைத் திறந்து பார்த்தார்கள், அலமாரியைத் தட்டிப் பார்த்தார்கள். போகும்போது அந்த வீட்டு அம்மாள், "நெலைக்கு யாரு ஒக்காந்தீக?" என்றார். நான்தான் என்றேன். போய்ச் சொல்லி அனுப்புகிறேன் என்றவர் சொல்லி அனுப்பவே இல்லை. அடுத்து வந்தவர்கள் யாரிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்து, என் வாயால் உறுதிப்படுத்திக்கொண்டு போனார்கள். ஆனி பாதி போய்விட்டது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதற்குள் ஆள் வராவிட்டால் ஆவணி வரை பூட்டு தொங்கும், என் நகையை வைத்திருக்கும் பாங்கிக்காரர்களுக்கு ஆடி, ஆவணி எல்லாம் கிடையாது. தவணைத் தேதி வந்தால் வந்ததுதான்.

அண்ணன் ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல ஆத்தா. நானும் ஒன் மதனியும் ஒக்காந்தோம்னு சொல்லிரு. யாரு வந்து சோதிக்கப் போறா? நானும் அப்படியே சொல்லிக்கிறேன்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு பொய், மாசா மாசம் வாடகை. ஆனால் அதை ஒருதடவை சொல்லிவிட்டால் பத்து வருஷத்தில் அதுதான் நிஜமாக இருக்கும், நான் அத்தையாகியிருப்பேன்.

"பூட்டிக் கிடந்தாலும் என் வீடா கிடக்கட்டும்ணே" என்றேன்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆனி முடியப் போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. நான் புதுவீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அண்ணன். கூட ஒரு ஆளும் அவர் மனைவியும். டெப்போவில் கண்டக்டராம், கண்டரமாணிக்கத்திலிருந்து தினம் வந்து போகிறாராம், மகளுக்கு இங்கே காலேஜில் இடம் கிடைத்திருக்கிறதாம். எல்லாவற்றையும் அண்ணன் தெருவில் நின்றபடியே சொன்னார். செருப்பைக் கழற்றவில்லை. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே வந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் அடுப்படியில் நின்று ஜன்னலைத் திறந்து மூடினார், காற்று வருகிறது என்றார். பிறகு வாசலுக்கு வந்து நிலையைத் தடவிப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்ல மரமா இருக்கே. நெலைக்கு யாரு ஒக்காந்தீக?"

அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். இவர் இப்போது சொல்லப் போகிற ஒரு வார்த்தையில் என் பதினொன்றரை லட்சமும் ஒரு வருஷமும் அவர் வீடாகிவிடும், வெளியாட்கள் முன்னால் அண்ணனைப் பொய்யர் என்று நான் சொல்ல வேண்டி வரும். முந்திக்கொண்டேன்.

"நான்தான். ஒத்தையா."

அந்த அம்மாள் கையை நிலையிலிருந்து எடுத்துவிட்டுத் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். இதோ இன்னொரு குடும்பமும் போகிறது என்று நினைத்துக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தேன்.

"அதேதான்" என்றார் அண்ணன். "எந்தங்கச்சிதான் வச்சுச்சு. நான் கிணத்தடியில நின்னு பாத்தேன். கொத்தனாரு குண்டு விட்டுப் பாத்தாரு, ஒரு நூலு சாயல. நாங்க இதுவரைக்கும் கட்டுன எந்த வீட்டு நெலையும் இம்புட்டு நேரா நின்னதில்ல."

எங்கள் வீட்டில் அண்ணன் இதுவரை ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியதில்லை. ஆனால் நான் குறுக்கிடவில்லை. ஏன் மனசு மாறினார் என்றும் கேட்கவில்லை, கேட்டால் திரும்பவும் மாறிவிடுவார்.

அந்த அம்மாள் அடுப்படி ஜன்னலை ஒருதடவை திரும்பிப் பார்த்தார். "நம்மளுக்குக் காத்தும் தண்ணியும் இருந்தாப் போதும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். "புள்ள காலேஜு இந்தா இருக்கு."

வாடகையைச் சொன்னேன். உடனே அண்ணனுக்குள் பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

"ஆத்தா, நம்ம ஆளுக. எம் மொகத்துக்காக ஒரு ஐநூறு கொறைச்சுக்க."

"ஒங்க மொகத்துக்குக் காப்பி தாரேண்ணே. வாடகை சொன்னதுதான்."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீகள்ல? எங்கிட்டப் பேசிப் பிரயோசனமில்ல, வீட்டுக்காரம்மா அவதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றித் தெருவில் விட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, என் வீட்டுக்குள் வந்தார்.