நான் பத்லி ஆன கதை

1. கேட்

"கோட் போலோ," என்றார் வாட்ச்மேன் பிரமோத் பையா.

டில்லி துவாரகாவில் அம்மாவும் நானும் வேலை பார்த்த அடுக்குமாடி சொசைட்டியில் வீட்டு வேலைக்கு வரும் எல்லோருக்கும் ஆறு எண் கோட் உண்டு. அதைச் சொன்னால் வாட்ச்மேன் தன் போனில் தட்டுவார். நம் போட்டோ வரும், அதற்குக் கீழே நாம் வேலை செய்யும் ஃப்ளாட் நம்பர்கள் வரும், கேட் திறக்கும். ஐந்து வருடமாக நான் தினமும் சொன்ன கோட் அது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

சொன்னேன். தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"ஜெனி, கோயி ஃப்ளாட் நஹி ஹை."

எந்த ஃப்ளாட்டும் இல்லையாம். போனைத் திருப்பிக் காட்டினார். என் போட்டோ பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அன்றைக்குத்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். கையில் ஆன்ட்டி வீட்டுக்காக வாங்கிய முறுக்குப் பொட்டலம். முப்பத்தைந்து நாளைக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போன அம்மா, தேர் பார்த்துவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள்தான். நான் போய்ச் சேருவதற்குள் பெட்டியில் வைத்துவிட்டார்கள். முப்பதாம் நாள் பூசை முடிகிற வரை ஊரில் இருந்தேன்.

அம்மாவும் நானுமாக நான்கு வீடு பார்த்தோம். மூன்று வீட்டுக்காரர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று நான் ரயில் ஏறும்போதே சொல்லிவிட்டார்கள். நாலாவது ஆன்ட்டி வீடு. தமிழ்க்காரர்கள். அம்மா ஒன்பது வருடம் சமைத்த வீடு. "நீ போயிட்டு வா ஜெனி, உன் எடம் எங்கயும் போகாது," என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். எங்கள் சந்தில் இருக்கும் குமாரி அக்காவை அந்த வீட்டுக்குப் பத்லியாக விட்டுவிட்டுத்தான் போனேன். பத்லி என்றால் மாற்று ஆள். லீவில் போகிறவள் தனக்குப் பதிலாக ஒருத்தியை விட்டுப் போவாள், திரும்பி வந்ததும் அவள் விலகிக்கொள்வாள். எழுதி வைக்காத சட்டம் அது.

நான் கேட்டில் நிற்கும்போதே குமாரி அக்கா வந்தாள். கோட் சொன்னாள். ஆன்ட்டி வீட்டு நம்பர் வந்தது. என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை சந்துக்குள் தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில், பத்துக் குடங்களுக்கு நடுவில் அவளைப் பிடித்தேன்.

"எங்கம்மா போயி மாசம் ஒண்ணுதான் ஆவுது. அதுக்குள்ள அவ சோத்துல கைய வெச்சிட்ட இல்ல?"

"ஜெனி, நான் சொல்றத..."

"நீ ஒண்ணியும் சொல்லாத! பேசாத எங்கிட்ட!"

வாயைத் திறக்கவே நான் விடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு இதுதான்.

2. சாக்ஸ் போட்ட பாபி

பன்னிரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். அம்மாவின் புடவையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன், எழுந்தேன், படுத்தேன். அழுகை ஒரு பக்கம் என்றால் காலையில் ஐந்தரைக்குத் தானாக முழிப்பு வருவது இன்னொரு கொடுமை. போக இடமில்லாதவளுக்கு எதற்கு அலாரம்?

பதின்மூன்றாம் நாள், முழிப்புதான் வருகிறதே, போய் நிற்போம் என்று கேட்டுக்குப் போனேன். தினமும் போனேன். "காம் ஹை க்யா?", வேலை இருக்கிறதா என்று வருகிற போகிற பாபிகளை, அதாவது வீட்டுக்கார அம்மாக்களை, கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை.

ஒரு நாள் கேட்டுக்கு வெளியே ரேகா அழுதுகொண்டிருந்தாள். பீகார்க்காரி, மூன்று வீடு பார்ப்பவள். தம்பி கல்யாணத்துக்குப் போக வேண்டும், பத்லி வைத்தால் பத்லி வீட்டைப் பிடித்துக்கொள்வாள் என்று பயம். "உனக்கு நடந்ததைப் பார்த்தோமே," என்று என்னையே உதாரணம் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து முதல் சிரிப்பு.

"நான் போகிறேன்," என்றேன். "வீடு பறிபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டை நான் தொட மாட்டேன். தினமும் வேலை முடித்ததும் உன் சிங்க்கைப் போட்டோ எடுத்து உனக்கே அனுப்புகிறேன். அது உன் சிங்க், என்னுடையது இல்லை."

ரேகா கிளம்பினாள். நான் போட்டோ அனுப்பினேன். அவள் அந்தப் பக்கமிருந்து மஞ்சள் பூசிய தம்பியை அனுப்பினாள், மணப்பெண்ணை அனுப்பினாள், குதிரை மேல் தம்பி ஏறும்போது விழப்போன வீடியோவை அனுப்பினாள். ஒரு வாரம் நானும் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்!

திரும்பி வந்தாள். சாவியைக் கையில் கொடுத்து விலகினேன். அவ்வளவுதான், செய்தி பரவிவிட்டது. "ஜெனி பத்லி வந்தா வீடு பத்திரம்."

பீகார்க்காரர்களின் சட் பூஜை வந்தது, பாதி சொசைட்டி வேலைக்காரிகள் ஊருக்குக் கிளம்பினார்கள், என் போன் ஓயவில்லை. போகிற ஒவ்வொருத்தியும் தன் வீட்டைப் பற்றி வாய்ஸ் மெசேஜ் வைத்துவிட்டுப் போவாள். பி பிளாக் அங்கிள் டீயில் சர்க்கரை கேட்பார், போடாதே, கெஞ்சுவார், அப்போதும் போடாதே. ஏழாம் மாடி பாபி வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டு துடைத்த தரையில் நடந்தால் பயப்படாதே, அது டெஸ்ட். நான் அந்த டெஸ்ட்டில் பாஸ் ஆனேன். சாக்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்த பாபியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படி எட்டு மாதம். ஒரு இடத்தில் மாவு பிசைந்தேன், இன்னொரு இடத்தில் மீன் கழுவினேன். அதே நாலு வீட்டில் ஐந்து வருடம் இருந்தபோது தெரியாத வேலையெல்லாம் தெரிந்தது. அழுகை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புது வீட்டில் உப்பு எங்கே, மிக்ஸி எங்கே என்று தேடும்போது அழ நேரம் இருக்காது.

3. எங்கம்மா டம்ளர்

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரி அக்கா என் கதவைத் தட்டினாள். எட்டு மாதமாக ஒரே சந்தில் முகம் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

"என்னாக்கா, வழி தெரியாம வந்துட்டியா?"

"குத்திப் பேசாதடி. எம் பொண்ணுக்கு மாசம் ஆயிடுச்சு. தலப்பிரசவம். ஊருக்குப் போவணும்." கொஞ்ச நேரம் நிலைப்படியைப் பார்த்தாள். "ஆன்ட்டி வீட்டுக்கு நீ பத்லி வருவியா?"

"வர்றன்," என்றேன்.

"போட்டோ அனுப்புவியா?"

"எல்லாருக்கும் அனுப்பறன். உனுக்கு மட்டும் அனுப்பாமயா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டைத் திருப்பிப் பிடிக்கத்தான் போனேன். அவள் கதவைத் தாண்டும் முன்பே முடிவு செய்துவிட்டேன். அந்த ஒரு வீட்டுக்கு என் சட்டம் கிடையாது.

நான்காம் மாடி. காலிங் பெல்லை அழுத்தினேன். உள்ளே எதுவும் மாறவில்லை. துணி காயப் போடும் பால்கனிக்குப் போனேன். ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் அம்மாவின் டீ டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்தது, அடியில் ஆரோக்கியமேரி என்று பெயர் வெட்டியது. தூசி இல்லை. கழுவித் துடைத்த டம்ளர். பக்கத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கப், அடியில் டீக்கறை. குமாரி அக்கா அந்தக் கப்பில்தான் குடித்திருக்கிறாள். அம்மா டம்ளரைக் கழுவிக் கழுவி வைத்திருக்கிறாள், குடிக்கவில்லை.

அதைப் பார்த்தும் என் மனசு மாறவில்லை. அம்மா செய்கிற மாதிரியே பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். ஆன்ட்டி இரண்டு கரண்டி அதிகம் ஊற்றிக்கொண்டார்.

பத்தாம் நாள் ஆன்ட்டி கூப்பிட்டார்.

"ஜெனி, குமாரி இனிமே வரமாட்டாளாம். பொண்ணு கூடவே ஊர்ல இருக்கப் போறாளாம். நீயே இங்க பர்மனென்ட்டா இருந்துடேன். உங்கம்மா இருந்த வீடு. கேட்ல உன் பேரை இன்னிக்கே போட்டுடறேன்."

எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது! நான் பிடுங்கவே வேண்டாம், தானாகக் கையில் விழுந்துவிட்டது. "சரிங்க ஆன்ட்டி," என்றேன். 

பாத்திரம் கழுவி முடித்தேன். பழக்க தோஷம், சிங்க்கைப் போட்டோ எடுத்து குமாரி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் எதற்கு அனுப்பினோம் என்று தோன்றியது. அதற்குள் அவளுடைய வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"ஜெனி, பேத்தி பொறந்துட்டாடி! மூணு கிலோ! ஞாயித்துக்கெழம ரயில் ஏறறன், டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிடுச்சு. ஆன்ட்டிகிட்ட சொல்லிடு. காலையில நானும் போன்ல சொன்னன், நீயும் சொல்லிடு."

போனோடு பால்கனிக்குப் போனேன். அவளைக் கூப்பிட்டேன்.

"யக்கா, நான் ஊர்ல இருந்தப்ப ஆன்ட்டி உங்கிட்ட என்னா சொன்னாங்க?"



"நீ ஊருலயே கல்யாணம் கட்டிக்கினு இருந்துடப் போறன்னு சொன்னாங்க. இனிமே வரமாட்டாளாம், நீயே இருந்துடுன்னாங்க. அதத்தான்டி தண்ணி லாரிகிட்ட சொல்ல வந்தன். நீ எங்க வுட்ட?"

"எனுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"அம்மா செத்த வூட்ல போயி வேல சமாச்சாரம் எப்படிடி கேக்கறது? அப்பறம் நீதான் பண்ணியிருக்கலாமே."

பண்ணியிருக்கலாம். எட்டு மாதமும் அவள் நம்பர் என் போனில்தான் இருந்தது.

ஆன்ட்டி கெட்டவர் இல்லை. கண் எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்களை விட மனசு வராது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்பார். அந்த வார்த்தையில் யாருடைய அடுப்பு அணைகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். கேட்டில் என் போட்டோவுக்குக் கீழே இருந்த வெள்ளை எனக்குத் தெரியும்.

"அக்கா, லைன்லயே இரு," என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனேன். "ஆன்ட்டி, குமாரி அக்கா. ஞாயித்துக்கெழம கெளம்பறாங்களாம். நீங்களே பேசுங்க."

போனை நீட்டினேன். ஆன்ட்டி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

"ஆ... குமாரியா? பேத்தியா! ரொம்ப சந்தோஷம்மா. ஆமாம் ஆமாம், வந்துடு... ஜெனிதானே? இருக்கா, இருக்கா. நல்லா பாத்துக்கறா."

போனைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டேன்:

"ஆன்ட்டி, அம்மா டம்ளர நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ," என்றார். கொஞ்சம் கழித்து, "உங்கம்மா வெக்கிற ரசம் அப்படியே இருந்துது ஜெனி," என்றார். அப்போதுதான் அவருக்கும் கண் கலங்கியது.

4. இப்போது

செவ்வாய்க்கிழமை காலை குமாரி அக்கா கேட்டில் கோட் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். வீட்டு நம்பர் வந்தது. சாவியை அவள் கையில் வைத்தேன்.

"பைத்தியக்காரி," என்றாள். "எம் முட்டிக்கு நாலு மாடி வேல ஆவலடி. நீயே வெச்சிக்கினு இருந்தாலும் நான் ஒண்ணியும் சொல்லியிருக்க மாட்டன்."

"இத மொதல்லயே சொல்ல வேண்டிதுதானக்கா!"

தண்ணீர் லாரிக்காரர்களுக்கே கேட்டிருக்கும், அப்படிச் சிரித்தோம்.

இப்போது அந்த வீட்டில் அவள் காலையில், நான் சாயங்காலம். மற்ற நேரம் பத்லி. பத்லிக்கென்றே தொடங்கிய எங்கள் வாட்ஸப் குரூப்பில் தமிழ்க்காரிகள், பீகார்க்காரிகள், பெங்காலிகள் எல்லாம் இருக்கிறார்கள். நேற்று பிரமோத் பையா என் கோடைத் தட்டிவிட்டு விரலால் தள்ளிக்கொண்டே போனார். "அரே, இத்னே ஃப்ளாட்!" என்றார். இத்தனை ஃப்ளாட்டா என்று அவருக்கே ஆச்சரியம். என் போட்டோ அதே போட்டோதான். பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேலை போனால் அழுங்கள், ஆனால் காலையில் முழிப்பு வந்தால் எழுந்து கேட்டுக்குப் போய் நில்லுங்கள். "அவ வரமாட்டாளாம், நீயே இருந்துடு" என்று யாராவது சொன்னால், அந்த அவளுக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். சாவு வீடாக இருந்தாலும் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் மறுபடியும் போடுங்கள்.

அந்த டம்ளரில்தான் இப்போது நான் டீ குடிக்கிறேன். சூடு அதிகம், விரலைச் சுடுகிறது. அம்மா எப்படிப் பிடித்துக் குடித்தாளோ!