ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

1996 மார்கழியில் ஒற்றைத் தாளில் என் வேலை போனது. அண்ணாமலையாரை நம்பும் அன்பர்களே, எனக்கு அழகாகச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் நான். நிலம் அடி அண்ணாமலையில். ஏரித் தண்ணீர் என் முறை நாளில் பங்காளி ஏழுமலையின் வயலுக்குப் பாய்வதைப் பார்த்தேன். மண்வெட்டிக் காம்பால் அவனை அடித்தேன். தலையில் நாலு தையல்.

வழக்கு வந்தது. "ஒத்துக்கினு வந்துடுப்பா. சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல குந்தினு இருந்தா முடிஞ்சுது" என்றார் கூட வேலை பார்த்தவர். தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் ஒப்புக்கொண்டேன். கோர்ட் கலையும்வரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். அதுவும் சிறைத் தண்டனைதான் என்று இந்த மடையனுக்குத் தெரியவில்லை.

தண்டனை பெற்றவன், விசாரணை தேவையில்லை, பணிநீக்கம் என்று உத்தரவு வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலதிகாரிக்கு முறையீடு அனுப்பினேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. செத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

தினமும் விடிந்ததும் மலையைச் சுற்றினேன். வேண்டிக்கொள்ளவில்லை, திட்டினேன். "கண்ணு இல்லையா உனக்கு? என்னைக் கேட்டாங்களா?"

ஒருநாள் கடும் பனி. மலையே இல்லை. என் கால்கள் எனக்குத் தெரியவில்லை. நான் நடக்கிறேனா, பாதை என்னைத் தூக்கிப் போகிறதா என்று புரியவில்லை. எங்கோ மணி அடித்தது. என் கோபம்கூட யாருடையதோ போலத் தூரத்தில் கேட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பால் கேனோடு ஓர் உருவம் வந்தது. ஏழுமலை.

"இன்னாண்ணா, தெரியலயா? இன்னொரு வாட்டி என்னை அடிச்சாதான் தெரியுமா?"

அவனைத் தாண்டி நடந்தேன்.

"அன்னிக்கு அண்ணிதான் முறைய மாத்திக்கச் சொன்னாங்க. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பனிக்குள் நின்றுவிட்டேன். என் மனைவி கஸ்தூரி அன்றைக்கே சொல்ல வந்தாள். "உள்ளே போ" என்று அதட்டியவன் நான். ஒப்புக்கொண்டதால் கோர்ட்டிலும் யாரும் இதைச் சொல்ல வழியில்லை.

"தப்புதான்டா" என்றேன். அழுதேன்.

"அழுவாத. உன் சோத்துல மண்ணு விழணும்னா நான் கேஸ் குடுத்தேன்?" என்றான். தலையை நிமிர்த்தியபோது பனி விலகி, மலை பக்கத்திலேயே நின்றிருந்தது.

தனக்கு என்மேல் வருத்தமில்லை என்று அவனே எழுதிக் கொடுத்தான். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நடந்ததை நீங்களே சொல்லுங்க" என்றார். என் தப்பையும் மறைக்காமல் சொன்னேன். தண்டனையை மட்டும் பார்த்து, செய்த காரியம் என்னவென்று பாராமல் போட்ட உத்தரவு அது என்று ரத்து செய்தார். ஊதிய உயர்வை நிறுத்திவிட்டு வேலையைத் திருப்பித் தந்தார்.

இப்போதும் எனக்குக் கோபம் வரும். ஆனால் கை ஓங்குவதற்குமுன் வாயைத் திறந்து கேட்கிறேன். கஸ்தூரி பேசினால் முழுக்கக் கேட்கிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, வந்து மலையைச் சுற்றுங்கள். திட்டத் தோன்றினால் திட்டுங்கள், அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். திட்டி முடித்ததும் கொஞ்சம் சும்மா நடங்கள். ஏழுமலை வாயால் என்னைக் கேட்டதுபோல, அவரும் உங்களை ஒன்று கேட்பார்.