நான் வெட்டியெறிந்த பதினோரு நொடிகள்

ஒரு மனிதனின் அலறலை அழித்தேன். அடித்தவன் என் அண்ணன். அழித்தவன் நான். இது போதுமா உங்களுக்கு?

போதாது. கேளுங்கள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். பாதி ஊர் சிங்கப்பூரில் பிழைக்கிறது. அவர்களுக்காக ஊர்ப் பெயரில் ஓர் இணையதளம் நடத்தினேன். நடவுப் பாட்டு வேண்டும் என்று நச்சரித்தார்கள். டிஜிட்டல் ரெக்கார்டரும் ஹெட்போனுமாக எங்கள் வயல் வரப்பில் போய் நின்றேன். செல்வி பாடினாள், மற்றப் பெண்கள் நட்டுக்கொண்டே பின்பாட்டுப் பாடினார்கள்.

அப்போது மடையருகே அவள் புருஷன் மாரியப்பன், தன் குத்தகை வயலுக்குத் தண்ணீர் திறந்தான். அன்று முறை அவனுடையதுதான்.

"யாரைக் கேட்டுடா தொறந்த?"

அண்ணன் மண்வெட்டிக் காம்பால் அடித்தான். மறுபடியும் அடித்தான். முழங்கை முறிந்தது. ஹெட்போனில்... அந்த எலும்பின் சத்தத்தை என் அளவுக்கு அங்கே எவரும் கேட்டிருக்க முடியாது!

தடுக்க ஓடினேனா? பாட்டை நிறுத்தாதே என்று செல்விக்குக் கை காட்டினேன்! அவள் நாற்றுமுடியை வீசிவிட்டு ஓடினாள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பதினோரு நொடிகளை வெட்டினேன். அவள் முன்பு பாடிய அடிகளையே நகலெடுத்து அங்கே ஒட்டி, பாட்டை முடித்தேன். ஒட்டுத் தெரியவில்லை. பெருமைப்பட்டேன்... தூ!

அண்ணனைக் காப்பாற்றவா வெட்டினேன்? அதுகூட இல்லை. அப்போது வழக்கே இல்லை. பாட்டு கெட்டுப்போகிறதே என்றுதான் வெட்டினேன்!

சில நாளில் செல்வி வந்தாள்.

"போலீசுல சாட்சி கேக்குறாங்க சின்னய்யா. ஒங்க அண்ணனுக்குப் பயந்து ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஒங்க மிசின்ல பதிஞ்சிருக்குமுல்ல?"

"பாட்டு மட்டுந்தான் இருக்கு. நீயே கேட்டுப் பாரு."

அவள் காதில் ஹெட்போனை மாட்டினேன். என்ன துணிச்சல் எனக்கு! அவள் கடைசிவரை கேட்டாள். கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவரு கத்துனதும் பாட்ட விட்டுட்டு ஓடுனேனே... இதுல பாடிக்கிட்டே இருக்கேனே! எம் புருசன் எலும்ப ஒடைக்கிறப்ப பாடிக்கிட்டு நின்னவளா என்னைய ஆக்கிப்புட்டீங்களே, சின்னய்யா!"

நான் ஹெட்போன் வயரைச் சுருட்டி மேசைக்குள் வைத்தேன்.

வழக்கு நிற்கவில்லை. மாரியப்பனின் கை இன்றுவரை மடங்கவில்லை. திருப்பூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் நிற்கிறான். பாட்டு இன்னும் இணையதளத்தில் ஓடுகிறது. "மண்வாசனை" என்று எழுதுகிறார்கள், மடையர்கள்!

வெட்டாத பதிவு ஒரு சீடியில், என் பீரோவில் இருக்கிறது. உடைக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

நேற்றும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு தின்றேன்.